தாம்பரத்திலிருந்து கோல்கொண்டா நாட்டுக்கு

தாம்பரத்திலும் அதனை அடுத்த சேலையூர், பெருங்களத்தூர், வண்டலூர் முதலிய ஊர்களிலும் வசிக்கும் அன்பர்களிடம் சரித்திரத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், அவர்கள் தெற்கே மாமல்லபுரத்தையோ மேற்கே காஞ்சியையோ சுட்டிக்காட்டிவிட்டு, தங்கள் ஊருக்கென்று சொல்லிக்கொள்ளத்தக்க பூர்விகம் ஏதும் இல்லை என்பதுபோலப் புன்னகை செய்வதே வழக்கம். ஏரிகளும் பனங்காடுகளும் கருங்கற்குன்றுகளுமாய்க் கிடந்த பூமி, 1931-இல் மின்சார ரயில் வந்த பிறகு மனை மனையாகப் பிரிந்து வீடுகளாயிற்று என்பதற்கு அப்பால் அவர்களுடைய நினைவு செல்வதில்லை. ஆயினும், பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி 1687 வரையில், ஏறத்தாழ நாற்பது வருஷ காலம், இந்தப் பூமி முழுவதும் கோல்கொண்டா சுல்தான்களின் ராஜ்யத்தில் அடங்கியிருந்தது என்பதும், பூந்தமல்லியிலிருந்த அவர்களுடைய அதிகாரிக்குக் கோபம் வந்தால் சென்னைக் கோட்டைக்குள் இருந்த ஆங்கிலேயருக்கு அரிசி வருவது நின்றுபோயிற்று என்பதும், அந்த ஆங்கிலேயரே 1672-இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி வருஷம் 1,200 வராகன் குத்தகைப் பணம் கோல்கொண்டாவுக்குச் செலுத்திவந்தனர் என்பதும் உண்மையே. அந்த நாற்பது வருஷங்களைப் பற்றி இப்பக்கத்தில் ஒரு தெருப்பெயரைக்கூட நான் கண்டதில்லை.

இந்த மறதிக்கு மாற்றாக எனக்குக் கிடைத்தது ஒரு டச்சுப் புத்தகம். தானியேல் ஹாவார்ட் என்பவர் எழுதி, ஆம்ஸ்டர்டாம் நகரத்துப் புத்தக வியாபாரி யான் டென் ஹோர்ன் 1693-இல் வெளியிட்ட அந்நூலின் பெயரைச் 'சோழமண்டலத்தின் எழுச்சியும் வீழ்ச்சியும்' என்று தமிழில் சொல்லலாம். மூன்று பாகங்கள் ஒரே கட்டடமாக வந்த நூல் அது. தலைப்பைக் கண்டு இது சோழர்களைப் பற்றிய கிரந்தமோ என்று யாரும் மயங்க வேண்டுவதில்லை. ஹாவார்ட் எழுதுவது கோல்கொண்டாவில் ஆண்ட அரசர்களின் விருத்தாந்தத்தையும், நாகப்பட்டினம் முதல் வடக்கே நீண்டு செல்லும் கடற்கரையில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியார் வைத்திருந்த பண்டகசாலைகளின் நிலைமையையுந்தான். பழைய பிரதிகள் ஐரோப்பிய நூலகங்கள் சிலவற்றில் காக்கப்பட்டிருக்கின்றன; ஏலத்துக்கு எப்போதாவது ஒன்று வந்தால், அதன் விலை என் போன்றவர்களின் வருஷ வருமானத்தோடு போட்டியிடும். எனக்கு வாய்த்தவை அதன் பக்கங்களின் நிழற்படங்களே. அவற்றைத் தாளில் அச்சிட்டு, ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டுதான் இந்தப் பிரயாணத்துக்குப் புறப்பட்டேன்.

பழங்காலத்து டச்சு எழுத்துக்கூட்டை என்னால் தனியே கடக்க இயலாது. சேலையூரில் வசிக்கும் முதிய பேராசிரியர் ஒருவர், இளமையில் ஒல்லாந்து தேசத்தில் படித்தவர், மாலை வேளைகளில் திண்ணையில் அமர்ந்து வரி வரியாகப் பொருள் சொல்லிவந்தார். முதல் நாளே அவர் கூறியது இது: "தம்பி, ராஜா கதையை முதல்லே படிக்காதே. ராஜா கதை எழுத ஆயிரம் பேர் இருந்தான். இந்த ஆள் கல்லறைக் கல்லை எல்லாம் ஒண்ணு விடாம காப்பி எடுத்து வெச்சிருக்கான் பாரு, அதைப் படி." அவர் சொன்ன முறையிலேயே அப்புத்தகத்தைப் படித்தேன் என்பதை நன்றியுடன் இங்கே குறிப்பிடுகிறேன்.

ஹாவார்ட் பெரிய பதவியில் இருந்தவரல்லர். 1670-களிலும் அதற்கடுத்த சில வருஷங்களிலும் மசூலிப்பட்டினம், கோல்கொண்டா முதலிய இடங்களில் கம்பெனியின் உத்தியோகத்தில் இருந்தவர். ஆனால் மற்றக் குமாஸ்தாக்களுக்கு இல்லாத ஒரு சிரத்தை அவருக்கு இருந்தது. பாரசீக பாஷையை ஊன்றிக் கற்றார். ஸஅதியின் 'பூஸ்தான்' என்னும் காவியத்தை டச்சு மொழியில் பெயர்த்தார். அது 1688-இல், அதாவது கோல்கொண்டாக் கோட்டை மொகலாயர் வசமான மறு வருஷத்தில், ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. அவர் கம்பெனிக் கணக்கு எழுதிய கையும், ஸஅதியைப் பெயர்த்த கையும் ஒன்றே என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான், 'எழுச்சியும் வீழ்ச்சியும்' என்ற நூலில் ஒரு பக்கத்தில் சரக்குகளின் விவரமும், அடுத்த பக்கத்தில் அரசவைச் செய்திகளும், அதற்கடுத்த பக்கத்தில் இறந்தவர்களின் கல்லெழுத்துகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்பதன் காரணம் விளங்கும். இதே வகையில் பெரும்பெயர் பெற்ற இன்னொருவர் பிரான்சுவா வலந்தைன். 1724 முதல் 1726 வரையில் வெளிவந்த அவருடைய மாபெரும் தொகுதிகளில் மொகலாயச் சக்கரவர்த்திகளின் சரிதையும் அடங்கியிருக்கிறது. ஆனால் வலந்தைன் அம்போன் தீவிலும் ஜாவாவிலும் வாழ்ந்த பாதிரியார். சோழமண்டலக் கரையைப் பிறர் எழுதிவைத்தவற்றைக் கொண்டே வருணித்தார். ஹாவார்டோ இந்தக் கரையின் வெயிலில் நின்றவர். படங்களின் அழகுக்கு வலந்தைனையும், நம்பிக்கைக்கு ஹாவார்டையும் நான் தேர்ந்தெடுப்பேன்.

தாம்பரம் ரயில் நிலையத்தின் கீழ்ப்புறத்தில், சாலையைக் கடந்தால், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் அடர்ந்த புதர்க்காடு தொடங்குகிறது. நகரத்தின் நடுவே நூறு வருஷம் இருந்த அக்கல்லூரி 1937-இல் இங்கே குடிபெயர்ந்தது. மறு வருஷம் டிசம்பரில் உலகத்தின் பல தேசங்களிலிருந்தும் கிறிஸ்தவ சபைப் பிரதிநிதிகள் இங்கே கூடி மகாநாடு நடத்தினார்கள்; அந்த மகாநாட்டுக்கென்றே ஒரு பெரிய நூலை எழுதி, அதனால் நெடுங்காலம் ஓயாத விவாதத்தைக் கிளப்பியவர் ஹென்ரிக் கிரேமர் என்ற டச்சுக்காரர். கீழைத் தீவுகளில் வேதாகம மொழிபெயர்ப்புக்காகப் பல வருஷங்கள் உழைத்தவர் அவர். 'தாம்பரம்' என்ற பெயர் ஐரோப்பிய இறையியல் புத்தகங்களில் இன்றளவும் வழங்குவது அந்த மகாநாட்டின் காரணமாகத்தான். நம் ஊரார் பலர் இதனை அறியமாட்டார்கள். டச்சுக்காரர் ஒருவர் எழுதிய நூலைக் கையில் வைத்துக்கொண்டு புறப்பட்டவனுக்கு, இன்னொரு டச்சுக்காரரின் நினைவு நிலையத்து வாசலிலேயே எதிர்ப்பட்டது சகுனம் என்று கொள்ளத்தக்கதே.

செங்கற்பட்டு செல்லும் மின்சார ரயிலில் காலை வேளையில் இடம் கிடைப்பது அரிதன்று, ஏனெனில் கூட்டம் முழுவதும் எதிர்த் திசையில் போகிறது. பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று நிலையங்கள் கழிகின்றன. வெளியூர் பஸ்கள் கிளாம்பாக்கத்துக்கு வந்துவிட்டபடியால், கோயம்பேட்டில் முன்பு கண்ட நெரிசலில் ஒரு பங்கு இப்போது வண்டலூருக்கு அடுத்த சாலையில் குடியேறியிருக்கிறது. மறைமலை நகர் வந்ததும், நாகப்பட்டினத்தில் பிறந்து பல்லாவரத்தில் வாழ்ந்த மறைமலையடிகளின் நினைவு வந்தது. அந்த நாகப்பட்டினமே 1690-இல் ஒல்லாந்தருக்குச் சோழமண்டலக் கரையின் தலைமை ஸ்தானமாயிற்று. அதற்கு முன் அந்த ஸ்தானம் பழவேற்காட்டில் இருந்தது.

இந்த ரயில் பாதையும் இதனோடு ஒட்டிச் செல்லும் பெருஞ்சாலையும் ஊடுருவும் நிலப்பரப்பு கோல்கொண்டாவின் கைக்கு வந்த வரலாறு சுருக்கமானது. தலைக்கோட்டைப் போருக்குப் பின் தேய்ந்துகொண்டே வந்த விஜயநகரத்தின் கடைசி அரசர் மூன்றாம் ஸ்ரீரங்கராயர், தம் நாயக்கர்களாலேயே கைவிடப்பட்டு நின்ற 1640-களில், கோல்கொண்டாவின் சேனாதிபதி மீர் ஜும்லா வடக்கிலிருந்தும், பிஜப்பூர்ப் படை மேற்கிலிருந்தும் இறங்கின. மீர் ஜும்லா பாரசீகத்திலிருந்து வந்து, வைர வியாபாரத்தில் பொருள் சேர்த்து, அரசருக்கு அமைச்சராகி, பின்னர் அந்த அரசரையே விட்டு மொகலாயர் பக்கம் சேர்ந்தவர். செஞ்சி பிஜப்பூருக்கும், காஞ்சி, பூந்தமல்லி, செங்கற்பட்டுச் சீமைகள் கோல்கொண்டாவுக்குமாயின. பல்லாவரத்துக் குன்றில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த கோயில் இன்று ஒரு தர்காவாக விளங்குவதை அவ்வூர்வாசிகள் தினமும் பார்க்கிறார்கள். ஆனால் இந்நாட்டில் பாரசீக மொழியில் உத்தரவு எழுதிய ஓர் அரசு இருந்தது என்ற எண்ணம் அவர்களுக்கு அதனால் தோன்றுவதில்லை.

செங்கற்பட்டில், கொளவாய் ஏரியின் நீர்ப்பரப்பைக் கடந்தவுடன், பழைய கோட்டையின் மதிலை ரயில் பாதை பிளந்துகொண்டு செல்கிறது. விஜயநகரத்தார் பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டிய கோட்டை. பின்னர் கோல்கொண்டாவும் மொகலாயரும் ஆற்காட்டு நவாபும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் முறையே அதில் புகுந்து வெளியேறினார்கள். கிளைவ் அதை 1752-இல் பிடித்தான் என்பதைப் பாடப்புத்தகங்கள் மறவாமல் சொல்லுகின்றன. திருக்கழுக்குன்றம் பஸ்ஸுக்காகக் காத்திருந்த நேரத்தில், பையிலிருந்த தாள்களில் கோல்கொண்டாவின் கடைசிக் காலத்தைப் பற்றிய பகுதியை எடுத்தேன்.

கடைசி அரசர் அபுல் ஹசன் குதுப் ஷா, 1672-இல் பட்டம் ஏறியவர். தானாஷா என்று ஜனங்கள் அழைத்த அரசர் இவரே. ராஜ்ய பாரம் முழுவதையும் மாதண்ணா, அக்கண்ணா என்ற இரு பிராமண சகோதரர்களிடம் ஒப்படைத்தார். பூந்தமல்லியிலிருந்து ஆங்கிலேயரை மிரட்டிய லிங்கப்பா மாதண்ணாவின் உறவினரே. ஒல்லாந்தருக்கும் கோல்கொண்டாவுக்கும் தொடக்கத்தில் நல்லுறவு இருந்தது. 1672-இல் சாந்தோமைப் பிடித்துக்கொண்ட பிரெஞ்சுக்காரரை, கோல்கொண்டாப் படை நிலத்திலும் ஒல்லாந்தக் கப்பல்கள் கடலிலும் வளைத்து, 1674-இல் சரணடையச் செய்தன. அதற்குப் பன்னிரண்டு வருஷங்களில் நிலைமை தலைகீழாயிற்று. அரசவை தங்களுக்குத் தர வேண்டிய கடன் திரும்பவில்லை என்று சொல்லி, 1686-இல் ஒல்லாந்தர் மசூலிப்பட்டினத்தையே கைப்பற்றிக்கொண்டார்கள். அதே வருஷத்தில் மாதண்ணாவும் அக்கண்ணாவும் கோல்கொண்டாவின் தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 1687-இல் அவுரங்கசீப்பின் படை எட்டு மாத காலம் கோட்டையை முற்றுகையிட்டது. பஞ்சமும் கொள்ளை நோயும் இரு பக்கத்தாரையும் வாட்டின. கடைசியில் உள்ளிருந்த ஒருவன் லஞ்சம் வாங்கிக்கொண்டு கதவைத் திறக்க, அபுல் ஹசன் பிடிபட்டுத் தௌலதாபாத் கோட்டையில் சிறைவைக்கப்பட்டு அங்கேயே மாண்டார்.

ஹாவார்ட் இதனை எழுதும் முறையில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பிராமண அமைச்சர்களைப் பற்றி அக்காலத்து ஒல்லாந்தக் கடிதங்களில் காணப்படும் பகைமைக்கு அவர் விலக்கல்லர். தங்களுக்குச் சலுகை தந்த அதிகாரியைப் புத்திசாலி என்றும், வரி கேட்ட அதிகாரியைப் பேராசைக்காரன் என்றும் எழுதுவது வியாபாரியின் சுபாவம். மாதண்ணா செய்ததை வேறு விதமாகவும் பார்க்கலாம்: பாரசீகத்திலிருந்து வந்த பிரபுக்களின் கையிலிருந்த உத்தியோகங்களைத் தேசத்தவரின் கைக்கு மாற்ற முயன்றார் என்றும், கடற்கரையில் கோட்டை கட்டிக்கொண்டு அரசன்போல நடக்கத் தொடங்கிய அந்நியக் கம்பெனிகளை வாடகைதாரர் என்ற ஸ்தானத்திலேயே நிறுத்திவைக்கப் பார்த்தார் என்றும் சொல்ல இடமுண்டு. இந்தப் பிரச்சினையை ஹெய்ஸ் க்ரைட்ஸர் என்ற ஒல்லாந்த ஆராய்ச்சியாளர் நம் காலத்தில் கம்பெனியின் தஸ்தாவேஜுகளைக் கொண்டு விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஹாவார்டை ஒரு சாட்சியாகக் கொள்ளலாம், நீதிபதியாகக் கொள்ளலாகாது.

கடன் என்றதும் மனத்தில் எழும் மற்றொரு கதையைச் சொல்லாமல் விட முடியவில்லை. நங்கநல்லூரிலும் மேற்கு மாம்பலத்திலும் தாம்பரத்திலும் மார்கழி பஜனைகளில் பத்ராசல ராமதாஸரின் கீர்த்தனங்களைப் பாடுகிறார்கள். அந்த ராமதாஸர், கஞ்சர்ல கோபண்ணா என்ற இயற்பெயருடன், பத்ராசலச் சீமையில் கோல்கொண்டாவின் தாசில்தாராக இருந்தவர். மாதண்ணாவின் உறவினர் என்று சொல்லுவார்கள். வரிப்பணத்தைக் கோயில் கட்டச் செலவிட்டதற்காகத் தானாஷா அவரைச் சிறையில் அடைக்க, ராமனும் லட்சுமணனும் சேவகர் வேஷத்தில் நள்ளிரவில் வந்து அந்தப் பணத்தைப் பொன்னாக எண்ணிவைத்து ரசீது பெற்றுச் சென்றார்கள் என்பது பக்தர்களின் வரலாறு. ஆக, நம் பஜனை மடத்தில் தானாஷா கடன் கொடுத்தவர்; ஸ்ரீராமனே வந்து தீர்த்தான். ஆம்ஸ்டர்டாமில் அவர் கடன் வாங்கியவர். தீர்ப்பதற்கு யாரும் வரவில்லை. ஒரே அரசர், ஒரே பொக்கிஷம், ஏறக்குறைய ஒரே காலம். அந்தப் பாடல்களைப் பாடும் என் அயலார் எவரும் அந்தத் தானாஷாவே தங்கள் சேலையூர் ஏரிக்கும் அதிபதியாயிருந்தவர் என்று எண்ணிப் பாடுவதில்லை.

பஸ் வந்தது. திருக்கழுக்குன்றம் சேர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது. வேதகிரியின் படிகள் ஐந்நூறுக்கு மேற்பட்டவை. நடுவயதைக் கடந்தவர்கள் இடையிடையே நின்று, இயற்கைக் காட்சியை ரசிப்பதாகப் பாவனை செய்து, மூச்சு வாங்கிக்கொள்ளலாம். மூவராலும் பாடப்பெற்ற ஸ்தலம். இங்கே நண்பகலில் குருக்கள் சர்க்கரைப்பொங்கலை ஏந்தி நிற்க, இரண்டு கழுகுகள் வந்து உண்டு செல்லும் அதிசயத்தைக் காண, ஒரு காலத்தில் தேசம் முழுவதிலுமிருந்து யாத்திரிகர்கள் வந்தார்கள். பறவை நூலார் அவற்றை மஞ்சள்முகப் பாறு என்பர். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராயிருந்த கிஃப்ட் சிரோமணி, பல்லவர் சிற்பம், கோலம், கல்வெட்டு என்று தம் பாடத்துக்கு அப்பாற்பட்ட பல துறைகளில் உழைத்தவர், 1970-களில் இந்தப் பறவைகளைப் பற்றியும் எழுதியிருக்கிறார். இருபதாம் நூற்றாண்டின் இறுதியோடு பறவைகளின் வருகை நின்றுபோயிற்று. கால்நடைகளுக்குப் போடும் வலி நிவாரணி மருந்து ஒன்று இந்தியா முழுவதும் பாறுகளின் குலத்தையே அழித்த காலம் அது. பாவிகள் கூட்டத்தில் இருந்தால் கழுகு வராது என்பது பழைய நம்பிக்கை. நம் தலைமுறையைப் பார்க்கையில் அந்த நம்பிக்கை முற்றும் பொய் என்று சொல்லத் துணியவில்லை.

இறங்கும் வழியில், மலையின் பக்கத்தில், ஒருகல் மண்டபம் என்னும் குடைவரை இருக்கிறது. வாதாபி கொண்ட நரசிங்கவர்மனின் சாசனம் அதில் உண்டு. ஆனால் நான் தேடி வந்தது அதனையன்று. பதினேழாம் நூற்றாண்டில், கடற்கரையிலுள்ள சதுரங்கப்பட்டினத்துப் பண்டகசாலையிலிருந்து ஒல்லாந்தர் இந்த மலைக்கு உல்லாசப் பிரயாணம் வந்து, குடைவரைக்குள் இளைப்பாறி, தங்கள் பெயர்களையும் வருஷத்தையும் கல்லிலே வெட்டிவிட்டுச் சென்றிருக்கிறார்கள். பார்ப்பதற்கு மிகுந்த அழகுடைய எழுத்துகள். சிலவற்றை வெட்டியவர் உளியும் சாவகாசமும் உடையவராயிருந்திருக்க வேண்டும். அவற்றுக்குப் பக்கத்திலேயே, இக்காலத்துக் காதலர்கள் ஆணியாலும் கரியாலும் கிறுக்கிய பெயர்களும் இருந்தன. முந்தியவை தொல்லியல் சின்னமாகவும் பிந்தியவை குற்றமாகவும் கருதப்படுவதில் முந்நூறு வருஷங்களைத் தவிர வேறு நியாயம் எதுவும் எனக்குப் புலப்படவில்லை. ஹாவார்டின் நூலைக் கையில் வைத்திருப்பவனுக்கு அந்தப் பெயர்கள் வெறும் கிறுக்கலாகத் தோன்றா. ஒவ்வொரு பண்டகசாலையிலும் தலைவராயிருந்தவர் யார், அவருக்குப் பின் வந்தவர் யார் என்று வரிசை வரிசையாக அவர் எழுதிவைத்த உலகத்தின் மனிதர்கள் அவர்கள். நவாப்களும் சேனாதிபதிகளும் இம்மலையைச் சுற்றிப் படை நடத்திச் சென்ற காலத்தில், துணி தரம் பிரிக்கும் உத்தியோகஸ்தர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை பல்லக்கில் வந்து இங்கே அமர்ந்து, கோழிக்கறி தின்று, சாராயம் அருந்தி, தம் பெயரை வெட்டிக்கொண்டிருந்திருப்பார் என்று நினைத்துப் பார்த்தால், சாம்ராஜ்யங்களின் எழுச்சி வீழ்ச்சிகளுக்கு நடுவே சாமானியர்களின் பொழுது எப்படிக் கழிந்தது என்பது ஒருவாறு மனத்துக்கு எட்டுகிறது.

திருக்கழுக்குன்றத்திலிருந்து கல்பாக்கம் செல்லும் சாலை கடலை நோக்கிச் சரிகிறது. பதினான்காம் நூற்றாண்டில் ராஜநாராயண சம்புவராயரின் பெயரைத் தாங்கிய பட்டினமாயிருந்து, மலைமண்டலப் பெருமாள் கோயிலைச் சுற்றி வளர்ந்த சதுரங்கப்பட்டினம், இன்று அணுமின் நிலையத்தின் அயல் ஊராக அறியப்படுகிறது. டச்சுக் கோட்டை கடற்கரை மணலின் ஓரத்தில், செங்கல் மதிலுடன், வாசலில் இரண்டு பீரங்கிகளை வைத்துக்கொண்டு நிற்கிறது. இந்த மதிலின் பெரும்பகுதி ஹாவார்டின் காலத்துக்குப் பிந்தியது. அவர் காலத்தில் இங்கே இருந்தது ஒரு பண்டகசாலை. உள்ளே வளைவுக் கூரை போட்ட நீண்ட கிடங்குகள் இன்னும் இருக்கின்றன.

அந்தக் கிடங்குகளில் அடுக்கப்பட்டவை துணிகள். சோழமண்டலத் துணி இல்லாமல் மலாக்காவுக்குக் கிழக்கே ஒல்லாந்தரால் வியாபாரமே செய்திருக்க முடியாது. ஜாதிக்காயும் கிராம்பும் மிளகும் விளைந்த தீவுகளில் வெள்ளியைக் காட்டிலும் நம் நெசவாளரின் சிவப்புத் துணிக்கு மதிப்பு அதிகம். அந்தச் சிவப்பு, கடலோர மணலில் விளையும் சாயவேரிலிருந்து எடுத்தது, துவைக்கத் துவைக்க ஒளி கூடுவது. சதுரங்கப்பட்டினம் மெல்லிய வெள்ளைத் துணிக்குப் பெயர்பெற்றது. கம்பெனி நெசவாளரிடம் நேரே போவதில்லை. வியாபாரிகளைக் கூட்டி முன்பணம் தரும்; வியாபாரி தரகர் மூலம் கைக்கோளருக்கும் சாலியருக்கும் அதைப் பிரித்துத் தருவார்; மழைக்காலம் முடிந்து துணி வந்தவுடன், மாதிரித் துணியை விரித்துவைத்துக்கொண்டு, முதல் தரம், இரண்டாந் தரம், மூன்றாந் தரம் என்று பிரிப்பார்கள்; மாதிரிக்குக் குறைந்தது விலை குறைக்கப்படும், அல்லது திருப்பியடிக்கப்படும். திருப்பியடித்த துணியின் நஷ்டம் கடைசியில் தறியின் முன் உட்கார்ந்திருந்தவன் தலையிலேயே விழுந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் பேராசிரியராயிருந்த சின்னப்பா அரசரத்தினம், 1986-இல் வெளியிட்ட தம் நூலில், இந்த வியாபாரிகளின் கூட்டு ஸ்தாபனங்கள் எப்படி எழுந்தன, எப்படிக் கடனில் மூழ்கின என்பதையெல்லாம் டச்சுக் கணக்குகளிலிருந்து எடுத்துக் காட்டியிருக்கிறார். வலந்தைனின் இலங்கை வருணனையை ஆங்கிலமாக்கியவரும் அவரே. நம் கரையின் சரித்திரத்தை டச்சு மொழியிலிருந்து மீட்டவர்களில் தமிழர் ஒருவர் முன்னிலையில் நிற்கிறார் என்பது பெருமைக்குரியது. ஆயின் அவர் எழுதியவை ஆங்கிலத்தில் இருக்கின்றன.

துணிக்கு அப்பால் வேறொரு சரக்கும் இக்கரையிலிருந்து ஏற்றப்பட்டது. பஞ்சம் வந்த வருஷங்களில், தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்ற ஏழைகளைக் கம்பெனி விலைக்கு வாங்கி பதாவியாவுக்கும் இலங்கைக்கும் அடிமைகளாக அனுப்பியது. அவர்களுக்குக் கல்லறைக் கல் யாரும் நாட்டவில்லை. அதனால் எந்த நூலாசிரியரும் அவர்களுடைய எழுத்தைப் பிரதி செய்துகொள்ளவும் இல்லை.

கோட்டைக்குள் தனிச் சுவருக்குள் அடங்கிய இடுகாட்டின் கதவு பூட்டியிருந்தது. காவலாளி வந்து என் கையிலிருந்த தாள்களை உற்றுப் பார்த்துவிட்டு, "என்ன சார், ஹாலந்திலேர்ந்து வர்றீங்களா? அவங்கதான் இப்படிக் காகிதம் வெச்சிக்கிட்டு வருவாங்க" என்றார். தாம்பரத்திலிருந்து வருகிறேன் என்றதும் அவருக்கு என்மேல் இருந்த மரியாதை சற்றே குறைந்ததாகத் தோன்றியது, ஆனாலும் திறந்துவிட்டார். உள்ளே, தரையோடு கிடத்திய பெரிய கற்பலகைகள். வம்சச் சின்னங்களும் கொடிகளும் மண்டையோடும் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருந்தன. எழுத்து டச்சு, ஆனால் கொடியின் வளைவைப் பார்த்தால், கோயில் தூணில் கை பழகிய உள்ளூர்ச் சிற்பிதான் செதுக்கியிருக்க வேண்டும் என்றே எண்ணத் தோன்றுகிறது. தனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தை அவர் ஒரு சுழி பிசகாமல் வெட்டியிருக்கிறார்.

பேராசிரியர் ஏன் கல்லறைப் பக்கத்தை முதலில் படிக்கச் சொன்னார் என்பது இங்கே நிற்கும்போது விளங்கிற்று. ராஜ்யத்தின் வீழ்ச்சியை எழுதும்போது ஹாவார்டுக்கு வியாபாரியின் கோபம் கண்ணை மறைக்கிறது. கல்லெழுத்தைப் பிரதி செய்யும்போது அந்தக் கோபத்துக்கு இடமில்லை. கல்லில் உள்ளதைத்தான் எழுதியாக வேண்டும். இன்ன நாளில் பிறந்தார், இன்ன பதவியில் இருந்தார், இத்தனை வயதில் இறந்தார். இறந்தவர்களில் பலர் இளவயதினர். தாயும் சிசுவும் ஒன்றாகப் புதைக்கப்பட்டதும் உண்டு. இருநூறு வருஷங்களுக்குப் பிறகு, 1897-இல், தொல்லியல் துறையைச் சேர்ந்த அலெக்சாண்டர் ரே, சென்னை மாகாணத்திலுள்ள டச்சுக் கம்பெனிச் சின்னங்களைப் பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டார். 1905-இல் ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் மாகாணத்துக் கல்லறைகளின் பட்டியலை வெளியிட்டார். அவர்கள் அரசாங்க உத்தியோகத்தின் பேரில் செய்த வேலையை, ஹாவார்ட் யாருடைய உத்தரவும் இல்லாமல், கற்கள் புதியனவாயிருந்த காலத்திலேயே செய்துவிட்டார். உப்புக் காற்றும் கல் திருடர்களும் அழித்துவிட்ட எழுத்துகள் சில அவருடைய புத்தகத்தில் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன.

"இதுல நம்ம ஊரைப் பத்தி எழுதியிருக்கா சார்?" என்று காவலாளி கேட்டார். எழுதியிருக்கிறது என்றேன். "அப்போ இந்த ஊரு யாரோடது? டச்சுக்காரனோடதா?" இல்லை, கோல்கொண்டா ராஜாவுடையது, டச்சுக்காரர் இடம் கேட்டு வாங்கி வியாபாரம் செய்தார்கள் என்று சொன்னேன். அவர் சிறிது யோசித்து, "ராஜா இங்க வந்திருக்காரா?" என்றார். சதுரங்கப்பட்டினத்துக்கு அபுல் ஹசன் வந்ததாக நான் படித்ததில்லை. மசூலிப்பட்டினம் வரையில் வந்து கடலையும் கப்பல்களையும் பார்த்துச் சென்றதைச் சொன்னேன். "வராத ராஜாவுக்குத்தான் வரி கட்டினாங்களா!" என்று சிரித்துக்கொண்டே கதவைப் பூட்டினார்.

ராஜ்யம் போன பிறகும் பண்டகசாலை நின்றது. 1754 ஜனவரியில் இந்த ஊரில்தான் ஆங்கிலப் பிரதிநிதிகளும் பிரெஞ்சுப் பிரதிநிதிகளும் கூடி, கர்நாடக யுத்தத்தை நிறுத்துவது குறித்துப் பேசிப் பயனின்றிப் பிரிந்தார்கள். ஒல்லாந்தர் நடுநிலைமையில் இருந்தபடியால் இடம் பொருத்தமாயிற்று. 1781-இல் அந்த நடுநிலைமையும் போய், ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்துச் சிதைத்தார்கள். மறு வருஷம் பிப்ரவரியில் இதே கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனும் ஆங்கிலத் தளபதி ஹ்யூஸும் மோதினார்கள். திரும்பவும் ஒல்லாந்தர் கைக்கு 1818-இல் வந்தது. பின்னர் 1824-இல் லண்டனில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி, ஒல்லாந்தர் இந்தியாவிலிருந்த தங்கள் இடங்கள் எல்லாவற்றையும் மலாக்காவையும் ஆங்கிலேயருக்குக் கொடுத்துவிட்டு, சுமத்திராவில் ஆங்கிலேயர் வைத்திருந்த பெங்கூலனைப் பெற்றுக்கொண்டார்கள். 1825-இல் சதுரங்கப்பட்டினம் கை மாறியது. செங்கற்பட்டுக் கலெக்டரின் கணக்கில் மேலும் ஒரு கடலோரக் கிராமம் சேர்ந்தது.